பால்கனிக்கு ஏறிய மதியக் காட்சி

பால்கனிப் படிக்கட்டில் டிக்கெட் கிழிப்பவரை அந்தத் தியேட்டரில் எல்லாரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்களுக்கு டார்ச் அண்ணன், மேனேஜருக்கு வெறும் டார்ச். இருட்டில் தடுமாறுகிறவர்களுக்கு வெளிச்சம் காட்டி உட்கார வைப்பதும், கீழ் வகுப்பு டிக்கெட்டை வைத்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கிறவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைச் செய்துவந்தார். படியின் அடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு சங்கிலி தொங்கும். அதன் கொக்கியைக் கழற்றி மாட்டும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். "நான் நிக்கிற வரைக்கும் ஒரு ஈ எறும்பு ஏறாது" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்.

"ஈ எறும்பு எதுக்குப் படியில ஏறணும்? அது பாட்டுக்குச் சுவத்துல போயிடும்" என்பாள் அவர் மனைவி.

அவள் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடும் இயந்திரத்தில் இருந்தாள். நாள் முழுக்கத் துளை போட்டுப் போட்டு, யார் எதைச் சொன்னாலும் அதில் ஓட்டை எங்கே என்று பார்க்கும் கண் அவளுக்கு வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவரிடம், "ஒரு நாள் என்னைப் பால்கனியில உக்கார வைங்களேன்" என்று கேட்டாள். அவர் மேனேஜரைக் கேட்டார். ஸ்டாஃப் குடும்பத்துக்குக் கீழ் வகுப்பு பாஸ்தான், மேலே கிடையாது என்று பதில் வந்தது. அதை அப்படியே போய்ச் சொல்ல மனம் வராமல், "மேலேர்ந்து பாத்தா படம் கோணலா தெரியும். கீழதான் நேரா தெரியும்" என்று சொல்லி வைத்தார். அவளும் சரியென்று விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்ட ஒரே ஓட்டை அதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் வந்த படத்தின் பெயர் 'மிச்ச மூச்சு'. இன்னும் நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. நாற்பது மாடிக் கோபுரம் ஒன்றுதான் ஊர். நல்ல காற்றைத் தயாரிக்கும் இயந்திரம் உச்சியில் இருக்கிறது. மேல்மாடிக்காரர்கள் இழுத்து விட்ட மூச்சைத்தான் குழாய் வழியாகக் கீழ்மாடிக்காரர்கள் இழுத்துக்கொள்ள வேண்டும். அடித்தளத்தில் குழாய் துடைக்கிற ஒருவன் பொறுக்க முடியாமல் மாடி மாடியாக ஏறிப் போகிறான். நாயகன் அவன்தான்.

டார்ச் படத்தைத் திரையில் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். படிக்கட்டின் நடுவே ஒரு திருப்பம் உண்டு. அங்கே நின்றால் கீழ்க் கூட்டத்தின் சத்தம் ஒரு காதிலும் மேல் கூட்டத்தின் சத்தம் மறு காதிலும் விழும். ஒரே படம்தான், ஆனால் இரண்டு காதுக்கும் இரண்டு படம் ஓடியது. நாயகனின் அம்மா மூச்சுத் திணறி விழ, அவன் தன் மூச்சை ஒரு பையில் ஊதி அவள் வாயில் வைக்கிற இடத்தில், மேலே மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வரிசையாகக் கேட்கும். கீழே யாராவது ஒருவர், "அவன் வாயைக் கொப்புளிச்சானாய்யா முதல்ல?" என்பார், கூட்டம் சிரிக்கும். நாற்பதாவது மாடிப் பெண் பட்டு மெத்தையில் புரண்டு, "எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது" என்று வசனம் பேசும்போது மேலே பெருமூச்சு விடுவார்கள். கீழே விசில் பறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு மனைவியும் மச்சினியும் வந்தார்கள். மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் ஒரு வாரமாக வலி. கிராம்பை அடக்கிக்கொண்டு அந்தக் கன்னத்தை உள்ளங்கையால் தாங்கியபடி வந்தாள்.

"பல்வலியோட படம் எதுக்கு?" என்றார் டார்ச்.

"படத்துக்கு யார் வந்தா? வீடு அடுப்பா கொதிக்குது. மூணு மணி நேரம் குளுகுளுன்னு உக்காந்துட்டுப் போலாம்னு வந்தோம்."

அவர்களைக் கீழே நல்ல வரிசையாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டுப் படிக்குத் திரும்பினார். பால்கனியில் அன்று பதினாலே பேர். வழக்கமாக வரும் பல் டாக்டரும் அவர் மனைவியும் நட்டநடு வரிசையில் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டருக்கு வெளிச்சம் காட்டும்போது, "வீட்ல அவளுக்கு ஒரு பல்லு..." என்று ஆரம்பிக்கலாமா என்று டார்ச்சுக்கு நாக்கு நுனி வரை வரும். பால்கனி வாசல்காரன் கேட்கிற இடமா அது என்று விழுங்கிவிடுவார்.

படம் ஆரம்பித்து அரை மணி நேரத்தில் கீழ்த்தளத்தில் காற்று நின்றுபோனது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கைக்குட்டைகள் வெளியே வந்தன. டிக்கெட்டால் விசிறிக்கொண்டார்கள். கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு ஏசி மெக்கானிக் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். பின்னாலேயே டார்ச்சும் போனார். மேனேஜர் தலைக்கு மேல் ஒரு ஃபேனும் மேசை மேல் ஒரு ஃபேனும் சுற்ற, தொலைபேசியில் யாரையோ பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கீழ ஊதுற மோட்டார் போயிடுச்சு. சத்தத்துலேயே தெரியுது" என்றார் மெக்கானிக். "மேல ஓடுற மோட்டார் போதும். நடுவுல ஒரு தகடு இருக்கும், அதைத் திருப்பி விட்டா ரெண்டு பக்கமும் பாதிப் பாதி வரும். நானே பண்ணித் தரேன், அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப பால்கனிக்குக் குளிர் குறையும்ல?"

"கொஞ்சம் குறையும்."

"அது முடியாதுப்பா. பால்கனிக்காரங்க கூடக் குடுத்து வராங்க. கம்பெனிக்காரன் நாளைக்கு வருவான். நீ போய்ப் படத்தைப் பாரு."

மெக்கானிக் டார்ச்சைப் பார்த்தார். டார்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்தார்.

இடைவேளையில் கீழ்க் கூட்டம் வெந்த கிழங்குபோல வெளியே வந்தது. பால்கனிக் கூட்டம் சால்வையைச் சரிசெய்துகொண்டு இறங்கியது. பாப்கார்ன் கடை முன்னால் பல் டாக்டர் கண்ணைத் துடைத்தபடி மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மனசு கனக்குது. அப்படியே நம்ம சமுதாயம்தான். ஒருத்தன் சுகமா இருக்கணும்னா இன்னொருத்தன் மூச்சு முட்டணும். இதை எப்படி ஜனங்க சகிச்சுக்கறாங்களோ!" பக்கத்தில் நின்ற டார்ச்சின் மனைவி, சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு வழிவிட்டபடி அதைக் கேட்டாள். கேட்டவள் டாக்டரை உச்சந்தலை முதல் கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். துளை போடப்போகும் சட்டையை அப்படித்தான் பார்ப்பாள் என்பது டார்ச்சுக்குத் தெரியும்.

மணி அடித்தது. பால்கனிக்காரர்களை ஏற்றிவிட்டுக் கொக்கியை மாட்டித் திரும்பினால், எதிரே மனைவி நின்றாள். அவள் பின்னால் மச்சினி. மச்சினிக்குப் பின்னால் மெக்கானிக், காலர்ப் பெரியவர், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, அதற்குப் பின்னால் கீழ் வகுப்பே நின்றது. அறுபது பேருக்குக் குறையாது.

"என்னங்க, கொக்கியை எடுங்க."

"என்ன விளையாடறியா? உள்ள போ. படம் ஆரம்பிச்சாச்சு."

"உள்ள உக்கார முடியல. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டுடுச்சு. மேல நூறு சீட்டு காலியா கிடக்குது. அந்தச் சீட்டுக்கா வேர்க்குது?"

"அது வேற டிக்கெட்டு. உனக்குத் தெரியாததா?"

"நாங்க என்ன சீட்டை வீட்டுக்கா தூக்கிட்டுப் போகப் போறோம்? மூச்சு விட்டுட்டு இறங்கிடுவோம்."

"மேலேர்ந்து பாத்தா படம்..." என்று ஆரம்பித்துவிட்டு டார்ச் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கோணலா தெரியும். அதானே?" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. "கோணலாவே பாத்துக்கறேன். பத்தொம்பது வருஷமா நேராப் பாத்தாச்சு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெரியவர் சுவரில் கையூன்றி நின்றார். டார்ச் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள். அவர்களில் பாதிப் பேரை ஏதாவது ஒரு நாள் இதே படியிலிருந்து தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்போதெல்லாம் ஒவ்வொருவராக வந்தார்கள். மொத்தமாக வந்தால் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் நாயகன், "கதவைத் திற!" என்று கத்தினான். பால்கனியில் பதினாலு பேரும் கைதட்டினார்கள். அதில் பல் டாக்டரின் கைதட்டல் தனியாகக் கேட்டது.

டார்ச் கொக்கியைக் கழற்றினார். கழற்றிய பிறகு, பழக்கதோஷத்தில் டார்ச்சை அடித்து, "படி பாத்து, படி பாத்து" என்று எல்லாருக்கும் வெளிச்சம் காட்டினார்.

பால்கனிக்குள் கூட்டம் நுழைந்ததைப் பார்த்துப் பல் டாக்டர் பதறி எழுந்தார்.

"யாருங்க நீங்கள்லாம்? இது பால்கனி! நாங்க தனியா..."

"சும்மா உக்காருங்க" என்று அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். "இப்பத்தானே அவன் கதவைத் திறன்னதுக்குக் கை தட்டினீங்க?"

"அது படம்!"

"மறைக்காதீங்க சார், அதைத்தான் பாக்க வந்திருக்கோம்" என்றார் பின் வரிசையில் அமர்ந்துவிட்ட மெக்கானிக்.

டார்ச்சின் மனைவி நேராக டாக்டருக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள். குளிர் முகத்தில் பட்டதும் பல் சுரீரென்றது. "ஆ!" என்று கன்னத்தைப் பிடித்தாள். டாக்டர் திரும்பினார். எவ்வளவு கோபத்திலும் ஒரு கன்னம் வீங்கியிருந்தால் அவர் கண் அங்கேதான் போகும். முப்பது வருஷப் பழக்கம்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு வாரமா."

"மேலயா கீழயா?"

"இப்ப மேலதான் வந்துட்டோமே."

"பல்லைக் கேக்கறேம்மா!"

"கீழ. கடைசி."

"வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம். யாருப்பா அது, லைட்டைக் காட்டு!"

அந்தச் சொல்லுக்குப் பத்தொன்பது வருஷமாகக் கட்டுப்பட்ட கை தானாக நீண்டது. மனைவியின் வாய்க்குள் டார்ச் வெளிச்சம் அடித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் வாயைத் திறந்து பேசாமல் இருந்ததை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். திரையில் நாயகன் முப்பத்தெட்டாவது மாடிக் காவலர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கவனிக்க ஆளில்லை.

"ஞானப்பல். கோணலா முளைச்சிருக்கு. எடுத்தாகணும்" என்றார் டாக்டர்.

"அதையும் கோணல்னுட்டாரே" என்றாள் மனைவி, வாயை மூடியதும்.

பெரியவர் தன் பொய்ப்பல் செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரை நோக்கி வரிசையைத் தாண்ட ஆரம்பித்தார். கைக்குழந்தைக்காரி, குழந்தைக்கு எத்தனை மாதத்தில் பல் முளைக்கும் என்று கேட்டாள். மச்சினி தனக்கு ஈறில் இரத்தம் வருவதாகச் சொன்னாள். டாக்டர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்; சொல்லச் சொல்ல நெற்றியில் வேர்த்தது. அவருக்கு மட்டுமில்லை. பதினாலு பேருக்கென்று விட்ட குளிரை எழுபது பேர் இழுத்ததில் பால்கனியும் புழுங்கத் தொடங்கிவிட்டது.

டாக்டரின் மனைவி எழுந்தாள். "கீழ இப்ப ஆளே இல்ல. வெளிக்கதவு ரெண்டும் திறந்து கிடக்குது, காத்து வரும். வாங்க, கீழ போயிடலாம்."

"கீழயா? நாமளா?"

"நீங்க இங்கயே இருந்து கிளினிக்கை நடத்துங்க. நான் போறேன்."

அவளோடு இன்னும் சில பால்கனிக்காரர்கள் இறங்கினார்கள். பொய்ப்பல் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்டரும் இறங்கினார். டார்ச் அவர்களுக்கும் படி பார்த்து வெளிச்சம் காட்டினார். கீழே டாக்டர் முன்வரிசை ஒன்றில் தயங்கித் தயங்கி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தார். கால் முழுதாக நீண்டது. இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

இந்த ஏற்ற இறக்கமெல்லாம் முடிந்து எல்லாரும் திரையைப் பார்த்தபோது படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு மேலே மெக்கானிக், "உச்சிக்குப் போனானா இல்லையாய்யா?" என்றார். கீழேயிருந்து பல் டாக்டர், "நாங்களும் பாக்கல!" என்றார். அடுத்த நொடி, பார்த்தறியாத ஒற்றுமையோடு மேலும் கீழும் ஒரே குரலாகக் கத்தின: "திருப்பிப் போடு! திருப்பிப் போடு!"

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். கீழே பார்த்தார், பால்கனிக்காரர்கள் இருந்தார்கள். மேலே பார்த்தார், கீழ் வகுப்பு இருந்தது. தப்பான தியேட்டருக்குள் நுழைந்துவிட்டதுபோல வெளியே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார். அதற்குள் புரொஜெக்டர் அறையிலிருந்த ஆபரேட்டர், யாரையும் கேட்காமல், கடைசி இருபது நிமிஷத்தைத் திரும்ப ஓட விட்டார். படம் வந்த மூன்று நாளில் அதை இன்னொரு தடவை போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். மெக்கானிக்கும் சும்மா இருக்கவில்லை. பால்கனிக்குப் பின்னாலிருந்த கதவைத் திறந்து உள்ளே போனார். டார்ச்சைக் கூப்பிட்டு வெளிச்சம் காட்டச் சொன்னார். ஒரே ஒரு திருகாணி. தகடு திரும்பியது. மேலும் கீழும் பாதிப் பாதியாகக் காற்று வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் டார்ச்.

"இவ்வளவுதான். இதுக்குத்தான் உங்க மேனேஜர் போனைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பாடு பட்டாரு."

படத்தின் முடிவில் நாயகன் நாற்பதாவது மாடியை அடைகிறான். காற்று இயந்திரத்தின் முதலாளி இருமிக்கொண்டே கட்டிலில் கிடக்கிறார். "வா, உட்கார்" என்று தன் நாற்காலியைக் காட்டுகிறார். நாயகன் நாற்காலியைப் பார்க்கிறான். கீழே போகும் குழாயைப் பார்க்கிறான். இசை உயர்கிறது. அவன் எந்தப் பக்கம் நகர்ந்தான் என்று காட்டாமலே படம் முடிந்துவிடுகிறது.

"இதைச் சொல்லாம விடறதுக்கா இத்தனை மாடி ஏறினான்?" என்றார் பெரியவர், பல் செட்டு இப்போது வாயில் இருந்ததால் கணீரென்று. மேலும் கீழும் சிரித்தார்கள். அந்த மூன்று நாளில் இரண்டு காதிலும் ஒரே சிரிப்பை டார்ச் கேட்டது அப்போதுதான்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். மேசை மேல் புகார்ப் புத்தகம் திறந்திருந்தது. "பல் டாக்டர் எழுதிட்டுப் போயிருக்காரு. இரு, படிக்கிறேன். படிச்சுட்டு உன் சீட்டைக் கிழிக்கிறேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "பால்கனியில் கால் நீட்ட இடமில்லை. கீழே தாராளமாக இருக்கிறது. இத்தனை நாள் இதை யாரும் எங்களுக்குச் சொல்லாதது வருத்தம். வாசல் ஊழியர் வெளிச்சம் நன்றாகக் காட்டுகிறார்."

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை வாய்க்குள் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றார் கடைசியில், ஏமாற்றத்தோடு. "ஆனாலும் யாரைக் கேட்டுக் கொக்கியை எடுத்தே?"

"யாரையும் கேக்கல சார். வீட்ல சொன்னாங்க, எடுத்துட்டேன்."

மேனேஜருக்கும் வீடு உண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வாரம் வண்டி நிறுத்துற இடத்துல நில்லு. அங்க யாரும் ஏறி இறங்க மாட்டாங்க" என்றார்.

சாயங்காலக் காட்சிக்கு அவர் இருக்க வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வாசலில் மனைவியும் மச்சினியும் காத்திருந்தார்கள். பஸ் நிறுத்தம் வரை மூவரும் நடந்தார்கள். டார்ச்சுக்கு வேலை போகவில்லை என்ற நிம்மதியும், பத்தொன்பது வருஷம் நின்ற இடத்தில் நாளைக்கு இன்னொருவன் நிற்பான் என்ற குறுகுறுப்பும் மாறி மாறி வந்தன. யாராவது பேசினால் தேவலை போலிருந்தது.

"எப்படி இருந்தது, பால்கனி?" என்று கேட்டார்.

"சீட்டுல ஒரு ஸ்பிரிங்கு குத்துது" என்றாள் மனைவி. "குஷன் கிழிஞ்சு பஞ்சு வருது. இந்தக் கோட்டையையா நீங்க இத்தனை வருஷம் காவல் காத்தீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. பிறகு, "எந்த வரிசை?" என்று கேட்டார்.

"அந்தப் பல்லுக்காரர் பக்கத்துல."

"ஆபரேட்டர்கிட்ட சொல்லித் தைக்கச் சொல்றேன்."

"அவருக்குத் தைக்கத் தெரியுமா? ஊசி நூல் குடுத்து அனுப்புங்க. இல்லேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வந்து தைச்சுடறேன்." சற்று நிறுத்தி, "படம் நல்லாத்தான் தெரிஞ்சுது. நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க. வரச் சொல்லியிருக்காரு" என்றாள். கன்னத்திலிருந்து கையை எடுத்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. நெரிசலில் எப்படியோ ஏறினால், உள்ளே ஒரே ஒரு இருக்கை காலியாக இருந்தது. "நீ உக்காரு, பல்வலி" என்றார் டார்ச். "நீங்க உக்காருங்க, காலைலேர்ந்து நின்னிருக்கீங்க" என்றாள் மனைவி. "அட, நீ உக்காருன்னா." "நீங்க உக்காருங்கன்னா." இரண்டு நிறுத்தம் வரை இப்படியே போனது. மூன்றாவது நிறுத்தத்தில் குனிந்து பார்த்தபோது மச்சினி அதில் உட்கார்ந்து, ஜன்னலில் தலை சாய்த்து, தூங்கியே போயிருந்தாள்.